நித்தியகல்யாணிக்கு ஒரு செக்ரோல்

என் அப்பா நெகிரி செம்பிலானில், ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்தவர். வெயில் ஏறும் நேரத்தில் பால் ஸ்டோர் வாசலில் வாளிகள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றையும் தராசில் தூக்கி எடை பார்ப்பார். பிறகு அதில் கொஞ்சம் பாலை எடுத்துத் தண்ணீர் கலந்து, உயரமான குவளையில் ஊற்றி, மெட்ரோலாக் என்ற மிதவையை உள்ளே விடுவார். மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை வைத்துத்தான் அன்றைய கூலி. மரத்துப் பாலில் ரப்பர் 30 முதல் 35 விழுக்காடு. மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் மழைத்தண்ணி விழுந்திருந்தாலும், வாளியில் யாராவது ஒரு குவளை ஆற்றுத்தண்ணியைச் சேர்த்திருந்தாலும் தராசு ஏமாந்துவிடும், மெட்ரோலாக் ஏமாறாது. கூலிப் பதிவேடான செக்ரோலில் ஏறுவது பாலின் எடை இல்லை, ரப்பரின் எடை.

மூலிகைச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த மிதவைதான் ஞாபகம் வருகிறது. "இந்த இலைச்சாறு புற்றுச் செல்களைக் கொல்கிறது." "அந்தக் கிழங்கில் ஆன்டிஆக்ஸிடென்ட் கொட்டிக் கிடக்கிறது." செய்தி பெரும்பாலும் பொய் இல்லை. யாரோ ஒருவர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து செய்த வேலைதான். ஆனால் அதில் வாளியின் எடை இருக்கும், ரப்பர் எவ்வளவு என்பது இருக்காது. அதனால் தோட்டத்து லயங்களில் நாம் பார்த்து வளர்ந்த சில செடிகளுக்கு நானே ஒரு செக்ரோல் போட்டுப் பார்த்தேன்.

முதல் பேர் நித்தியகல்யாணி. தமிழ்நாட்டில் சுடுகாட்டுப்பூ என்பார்கள், மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பார்கள். லயத்து வாசலில், கோயில் ஓரத்தில், சிமெண்டு வெடிப்பில்கூட முளைக்கும். இனிப்பு நீருக்கு நல்லது என்று அதன் இலையை மென்றவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருந்தார்கள். அந்த நம்பிக்கை நம்முடையது மட்டும் இல்லை. 1952-ல் கனடாவில் கிளார்க் நோபல் என்ற மருத்துவருக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே 25 இலைகள், சர்க்கரை வியாதிக்கு அங்கே தேநீராகக் குடிக்கிறார்கள் என்ற தகவலோடு. அவர் அதைத் தம்பி ராபர்ட் நோபலிடம் கொடுத்தார். வெஸ்டர்ன் ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபல் எலிகளுக்கு அந்தச் சாற்றை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் ஏற்றினார். எலிகள் சில நாளில் செத்தன, உடம்பெல்லாம் சீழ்க்கட்டி. இரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்து போயிருந்தன. வெள்ளணு தாறுமாறாகப் பெருகும் நோய்க்கு, அதாவது இரத்தப் புற்றுக்கு, இது உதவுமோ என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது. 1958-ல் அவரும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்ததை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் தனி வழியில் அதே செடியைத் தோண்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்த வின்கிரிஸ்டினுக்கு 1963-ல் அனுமதி கிடைத்தது.

சர்க்கரைக்கு என்று தேடியது சர்க்கரைக்கு உதவவில்லை என்பதையும், வாயில் கொடுத்தபோது ஒன்றும் நடக்காமல் ஊசியில் கொடுத்தபோதுதான் நடந்தது என்பதையும் செக்ரோலில் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

இனி எடை. ஒரு கிராம் மருந்து எடுக்கக் காய்ந்த இலை சுமார் 500 கிலோ வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பச்சை இலையில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்று வைத்தால் பச்சையாக 2,500 கிலோ, இரண்டரை டன். செம்பனைக் குலை ஏற்றும் சின்ன லாரி ஒன்று நிறையும். திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கம் மானாவாரியாக இந்தச் செடியைப் பயிரிடுகிறார்கள். எக்டேருக்குச் சுமார் 2 டன் காய்ந்த இலை தேறும். அதாவது ஒரு எக்டேர் நிலம், ஒரு வெள்ளாமை, விளைச்சல் நாலு கிராம். என் அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால், தோட்டத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கச் சொல்லியிருப்பார்.

ஆனால் அந்த நாலு கிராமின் மறுபக்கத்தைப் பாருங்கள். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுக்கு வின்கிரிஸ்டின் கொடுக்கும் அளவு, உடல் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 1.5 மில்லிகிராம், எவ்வளவு பெரிய உடம்பாக இருந்தாலும் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. ஒரு சதுர மீட்டர் உடம்புள்ள பிள்ளைக்கு முதல் மாதம் வாரம் ஒன்றாக நாலு ஊசி என்றால் மொத்தம் 6 மில்லிகிராம். நாலு கிராம் என்பது 4,000 மில்லிகிராம். ஆறால் வகுத்தால் 666 பிள்ளைகளின் முதல் மாதம். ஒரு எக்டேர்!

1960-களின் தொடக்கத்தில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் 2003 சிகிச்சைத் திட்டத்தில், முதல் கட்டத்தில் கொடுத்த மூன்று மருந்துகளில் ஒன்று இந்த வின்கிரிஸ்டின். ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது 100-க்கு 88 பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். ஒரு செடியின் பேருக்கு நேரே இதைவிடப் பெரிய வரவு எந்தப் பேரேட்டிலும் இருக்காது.

இந்த இடத்தில்தான் என் அத்தை குறுக்கே வருவார். அப்பாவின் தங்கை; தோட்டம் செம்பனைக்கு மாறியபோது லயத்தை விட்டுச் சிரம்பானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தவர். நாலாவது மாடித் தாழ்வாரத்தில் பால் டின்களில் நித்தியகல்யாணி, வல்லாரை, கற்பூரவல்லி.

"ஏன்டா, இதிலேர்ந்துதானே கேன்சர் மருந்து எடுக்கிறாங்க? நீதானே எழுதின?"

"ஆமாத்தை, இதேதான்."

"அப்புறம் நான் மென்னு முழுங்கினா மட்டும் என்ன?"

அத்தைக்காக ஒரு கணக்குப் போட்டேன். நாளைக்குப் பத்து இலை. ஓர் இலை அரை கிராம் என்று தாராளமாகவே வைக்கிறேன். பச்சையாக 5 கிராம், காய்ந்தால் 1 கிராம். 500 கிலோவுக்கு ஒரு கிராம் என்றால், ஒரு கிராம் காய்ந்த இலைக்கு 2 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கான ஒரே ஓர் ஊசியின் அளவான 2 மில்லிகிராம் சேர, 1,000 நாள் ஆகும். இரண்டு வருடம் ஒன்பது மாதம். அதுவும் இன்று மென்றது நாளைக்கும் உடம்பில் தங்கி, ஒன்றுகூட வெளியே போகாமல் சேர்ந்துகொண்டே வந்தால். அப்படிச் சேராது. வாய்வழியே போனால் சரியாக உறிஞ்சவும் படாது; அதனால்தான் நரம்பில் ஏற்றுகிறார்கள். போதாததற்கு, இலையில் இருப்பது இந்த ஒரு பொருள் மட்டும் இல்லை, நூறுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் ஒன்றாகக் குடியிருக்கின்றன. மெல்லும்போது அத்தனையும் கூடவே வரும். சரியான அளவிலேயே வின்கிரிஸ்டின் கை கால் நரம்புகளை மரத்துப் போகச் செய்யும். தவறுதலாக முதுகுத்தண்டு நீரில் ஏற்றிவிட்டால் ஆளையே கொன்றுவிடும். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி இங்கே மில்லிகிராமில் இருக்கிறது. அத்தையின் கைப்பிடி அளவு அதற்கு உதவாது.

இப்போதெல்லாம் நிறுவனங்கள் இலையில் கூடுதலாகக் கிடைக்கும் விண்டோலின், கேதரான்தின் என்ற இரண்டு துண்டுகளைப் பிரித்து ஒட்டவைத்து மருந்து செய்கின்றன. 2022-ல் ஈஸ்ட் பூஞ்சையையே வளைத்து அந்த இரண்டு துண்டுகளையும் செய்யவைத்ததாக நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஈஸ்டின் மரபணுவில் 56 திருத்தங்கள். கிடைத்ததோ லிட்டருக்குச் சுமார் 527 மைக்ரோகிராம் கேதரான்தினும் 305 மைக்ரோகிராம் விண்டோலினும். இன்னும் வயல்தான் ஜெயிக்கிறது.

அடுத்த பேர், சாபா பாம்புப் புல். மலாயில் பெலாலை காஜா, யானைத் தும்பிக்கை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நெகிரி செம்பிலானில் இந்தச் செடிக்கு இருந்த கிராக்கி கொஞ்சநஞ்சம் இல்லை. சீனர் கடையில், பாசார் மாலாம் இரவுச் சந்தையில், கார் பார்க் ஓரத்தில் கட்டுக்கட்டாக விற்றார்கள். பச்சை ஆப்பிளோடு சேர்த்து அரைத்துக் குடித்தால் கட்டி கரையும் என்று பேச்சு. எங்கள் ஆட்களும் வேலி ஓரத்தில் நட்டார்கள்.

அதே காலத்தில், 2013-ல், மலேசிய ஆய்வாளர்கள் இதன் இலைச்சாறு பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இலையைக் குளோரோஃபார்ம், மெத்தனால், தண்ணீர் என்று மூன்று விதத்தில் ஊறவைத்துச் சாறு எடுத்து, ஆன்டிஆக்ஸிடென்ட் ஆற்றலையும் புற்றுச் செல்களைத் தடுக்கும் ஆற்றலையும் அளந்தார்கள். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அளவில் குளோரோஃபார்ம் சாறு, கே-562 என்ற இரத்தப் புற்றுச் செல்களின் வளர்ச்சியை 91.28 விழுக்காடும், ராஜி என்ற நிணநீர்ப் புற்றுச் செல்களின் வளர்ச்சியை 88.97 விழுக்காடும் நிறுத்தியது. நல்ல எண்கள்தான். இதைப் படித்த ஒருவர் மறுநாளே பாசார் மாலாமுக்கு ஓடினால் குறை சொல்ல முடியாது.

மிதவையை உள்ளே விடுவோம். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்பது லிட்டருக்கு 100 மில்லிகிராம். பெரிய ஆளின் உடம்பில் தண்ணீர் சுமார் 40 லிட்டர். அத்தனையிலும் அந்த அடர்த்தி வரவேண்டுமானால் 4 கிராம் சாறு உள்ளே போகவேண்டும். 100 கிராம் காய்ந்த இலையில் 5 கிராம் சாறு தேறும் என்று நானாகவே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் 80 கிராம் காய்ந்த இலை, 400 கிராம் பச்சை இலை. இதைக் கேட்டதும் "அவ்வளவுதானா, குடிச்சிடலாமே" என்று தோன்றும். இங்கேதான் தராசு ஏமாறுகிறது. போன சாறெல்லாம் குடல் தாண்டவேண்டும், கல்லீரல் உடைக்காமல் விடவேண்டும், சிறுநீரகம் வெளியேற்றாமல் இருக்கவேண்டும், அதே அடர்த்தி மணிக்கணக்கில் நிற்கவும் வேண்டும். கிண்ணத்தில் இருக்கும் செல்லுக்குக் கல்லீரல் கிடையாது. தவிர, ஆய்வில் ஜெயித்தது குளோரோஃபார்ம் சாறு. எந்த வீட்டுக் கலக்கு மெஷினிலும் குளோரோஃபார்ம் ஊற்றி அரைப்பதில்லை, நல்லவேளை.

கிண்ணத்தில் செல்லைக் கொல்வது அவ்வளவு பெரிய வித்தையும் இல்லை. ஸ்டோரில் பாலை உறையவைக்க வைத்திருக்கும் ஃபார்மிக் அமிலத்தில் கொஞ்சம் விட்டாலும் புற்றுச் செல் செத்துவிடும். கேள்வி, அது எதை விட்டுவைக்கிறது என்பதுதான். அதனால் சல்லடை தேவைப்பட்டது. 1960 முதல் 1982 வரை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் சுமார் 35,000 தாவர மாதிரிகளிலிருந்து 114,000 சாறுகளை எடுத்துச் சோதித்தது. அந்தச் சல்லடையில் கடைசிவரை தங்கி மருந்தானவை பாக்லிடாக்சலும் காம்ப்டோதெசின் வழி மருந்துகளும்தான். 57,000 சாற்றுக்கு ஒன்று. நம் ஊர் நாலு நம்பர் குலுக்கில் முதல் பரிசுக்கே 10,000-க்கு ஒன்று வாய்ப்பு.

காம்ப்டோதெசின் விஷயத்தில் நமக்குச் சொந்தமான ஒரு வரி உண்டு. சீன மரம் ஒன்றில் முதலில் கிடைத்த அந்தப் பொருள், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும், நாற்றமடிக்கும் பூவுள்ள ஒரு சிறு மரத்திலும் இருக்கிறது என்று 1972-ல் கண்டு சொன்னவர்கள் டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் என்.விஸ்வநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து, முதல்வராக இருந்து, பின்னால் பம்பாயில் சீபா ஆய்வு மையத்துக்குப் போனவர். மரப்பட்டையை இடித்துக் குடிக்கச் சொல்லாமல், அதில் என்ன இருக்கிறது, எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று பார்த்த ஆள்.

கீழாநெல்லி. மலாயில் டுகுங் அனாக். இலைக்கு அடியில் காய்களைச் சுமப்பதால் பிள்ளையை முதுகில் தூக்கியது போல். மஞ்சள்காமாலைக்குத் தோட்டத்தில் முதல் வைத்தியம் இதுதான். ஹெப்படைடிஸ் பி வைரஸ் பல வருடம் தங்கினால் கல்லீரல் புற்றில் கொண்டுபோய் விடும் என்பதால், இந்தச் செடியும் நம் கணக்குக்குள் வருகிறது. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழு லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. வைரஸ் சுமப்பவர்களுக்கு நாளைக்கு மூன்று வேளை 200 மில்லிகிராம் கீழாநெல்லிப் பொடி, 30 நாள். பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறை இரத்தத்திலிருந்து மறைந்தது, 59 விழுக்காடு. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்து 1990-ல் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. வேறு நாடுகளிலும் கிடைக்கவில்லை. செடி வேறு மண்ணா, வேறு இனமா, வைரஸ் வேறு வகையா என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள் உண்டு. நான் இதில் ஒரு பக்கமும் சாயவில்லை. 60 பேரை வைத்துச் சொன்ன 59 விழுக்காட்டைப் பிறகு யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை என்று மட்டும் எழுதி வைக்கிறேன். பக்கத்துப் பத்தியில் இன்னொன்று: மலேசியா 1989-லிருந்து பிறக்கும் பிள்ளைகளுக்கு ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி போடுகிறது. அரசு கிளினிக் கெசிஹாத்தானில் இலவசம்.

மஞ்சளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 விழுக்காடு. தைவானில் 2001-ல் வெளியான ஆய்வில் நாளைக்கு 8 கிராம் சுத்தக் குர்குமினை விழுங்கவைத்தார்கள். அதற்கு ஈடாக மஞ்சள் தூள் என்றால் 267 கிராம், கால் கிலோவுக்கு மேல். அப்படியும் இரத்தத்தில் ஏறிய உச்சம் 1.77 மைக்ரோமோலார், அதாவது மில்லிலிட்டருக்கு 0.65 மைக்ரோகிராம். கிண்ணத்துச் சோதனைகளில் சாதாரணமாகப் போடும் 10 முதல் 50 மைக்ரோமோலாருக்கு இது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீன் குழம்புக்கு மஞ்சள் போடுங்கள், குழம்புக்காக.

ஆன்டிஆக்ஸிடென்ட் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும், ஏனென்றால் இப்போது தைலப் பாட்டிலிலிருந்து பிஸ்கட் வரை ஒட்டியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இதை அளக்க டி.பி.பி.எச். என்ற பொருளைப் பயன்படுத்துகிறார்கள். கரைத்தால் நாவல்பழச் சாறு போல அடர் ஊதா. அதில் இலைச்சாற்றைச் சொட்டி, இருட்டில் அரை மணி வைத்தால், சாற்றுக்குச் சக்தி இருந்தால் ஊதா வெளிறி வைக்கோல் மஞ்சளாகும். 517 நானோமீட்டர் ஒளியில் எவ்வளவு வெளிறியது என்று அளப்பார்கள். பார்க்க அழகான சோதனை. ஆனால் கடையில் வாங்கிய தே ஓ கோசோங் என்ற வெறும் தேநீரை ஊற்றினாலும் ஊதா வெளிறும். அமெரிக்க விவசாயத் துறை, உணவுகளின் ஆன்டிஆக்ஸிடென்ட் மதிப்புப் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. குழாயில் அளந்த எண்ணை உடம்பின் நன்மையாக விற்கிறார்கள் என்று சொல்லி 2012-ல் அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது.

ரப்பர்க்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதில்லை. ரப்பர் காற்றில் வெடித்துப் போகாமல் இருக்க டயர் செய்கிறவர்கள் நூறு பங்கு ரப்பருக்கு ஒன்றிரண்டு பங்கு ஆன்டிஆக்ஸிடென்ட் கலக்கிறார்கள். அங்கே அது வேலை செய்கிறது. கலந்தது கலந்த இடத்திலேயே இருக்கும். மனிதன் டயர் இல்லை.

எப்படித் தெரியும்? செய்து பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து ஒரு சோதனை. முடிவு 1994-ல் வந்தது. நாளைக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். இது நமக்கு அந்நியப் பொருள் இல்லை: செம்பனை ஆலையில் பிழிந்து வரும் சிவப்பு எண்ணெயில் கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் கரோட்டின் உண்டு, அந்த நிறமே அதுதான். 30, 40 கிராம் எண்ணெயில் உள்ள மொத்தக் கரோட்டின் அளவு அது. நுரையீரல் புற்று குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 விழுக்காடு கூடியது. அமெரிக்காவில் 18,314 பேரை வைத்து நடந்த இன்னொன்றில் 28 விழுக்காடு கூடியது. 1996-ல் குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பாகவே நிறுத்தினார்கள். வைட்டமின் ஈ மாத்திரையை 35,533 ஆண்களிடம் சோதித்தபோது, 2011-ல் கணக்குப் பார்த்தால், அந்த மாத்திரை சாப்பிட்ட பிரிவில் புரோஸ்டேட் புற்று 17 விழுக்காடு அதிகம். கீரை சாப்பிடுவது வேறு, கீரையிலிருந்து ஒன்றை உருவி மாத்திரையாக்கி நம்புவது வேறு.

தோட்டத்தில் இந்தக் கதைக்கு ஒரு கறுப்புப் பக்கம் இருக்கிறது. களைக்கொல்லி அடிப்பதை நாங்கள் எப்போதும் மருந்தடிப்பது என்றுதான் சொல்வோம். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு மருந்தடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். அது கொல்லும் விதமே ஆக்ஸிஜன் வழியாகத்தான்: உடம்புக்குள் போனால் திரும்பத் திரும்ப ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை வெறிபிடித்த நிலைக்குத் தள்ளி நுரையீரலைச் சுட்டுவிடும். 20 விழுக்காட்டுக் கரைசலில் ஒரு வாய் உள்ளே போனாலே சாவுதான். வைட்டமின் சி, வைட்டமின் ஈ என்று ஆன்டிஆக்ஸிடென்ட் எல்லாம் கொடுத்துப் பார்த்தும் நிச்சயமான மாற்றுமருந்து கிடைக்கவில்லை. மலேசியா இதை 2002-ல் தடைசெய்து, 2006-ல் தடையைத் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல் முழுதாகத் தடைசெய்தது. நடுவில் போன வருடங்களைச் செக்ரோலில் எந்தப் பக்கம் எழுதுவது?

அதே பெண்கள் வேலை முடிந்து வரும் வழியில், அதே வாய்க்கால் ஓரத்தில் வல்லாரையும் கீழாநெல்லியும் பறித்து மடியில் கட்டி வருவார்கள். அந்தச் செடியும் ஒரு மருந்து வாங்கியிருக்கும். கடையில் விற்கும் பாரம்பரிய மருந்துக்கு எம்.ஏ.எல். என்று தொடங்கி டி-யில் முடியும் பதிவு எண் வேண்டும். அதற்கு ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஆர்செனிக் 5, பாதரசம் 0.5, கேட்மியம் 0.3-க்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு உண்டு. எண் இருப்பதால் நோய் தீரும் என்று அர்த்தமில்லை, ஆளைக் கெடுக்காது என்று பார்த்திருக்கிறார்கள், அவ்வளவே. வாய்க்கால் ஓரத்துக் கட்டுக்கு அதுவும் கிடையாது. புற்றுநோய் உட்பட 20 நோய்களைத் தீர்ப்பதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆனால் வாட்சாப் குழுவில் வரும் குரல்செய்தி எந்தச் சட்டத்துக்குக் காது கொடுக்கும்?

இவ்வளவு கணக்கில் நான் கடைசியாக வந்து நிற்கும் எண் இலையைப் பற்றியது இல்லை. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 2012 முதல் 2016 வரை 115,238 புதிய நோயாளிகள். 2017 முதல் 2021 வரை 168,822. முதல் ஐந்தாண்டில், கண்டுபிடிக்கும்போதே மூன்றாம், நாலாம் கட்டத்தில் இருந்தவர்கள் 63.7 விழுக்காடு, அடுத்த ஐந்தாண்டில் 65.1. மருந்து கூடுகிறது, இயந்திரம் கூடுகிறது, தாமதமும் கூடுகிறது. அரசு மருத்துவமனைகளில் மார்புப் புற்று நோயாளிகள் 340 பேரிடம் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில் 46.5 விழுக்காட்டினர் மாற்று மருத்துவம் எதையாவது நாடியிருந்தார்கள். நாடியவர்களிடம் மருத்துவரிடம் வருவதும், நோய் உறுதியாவதும் தாமதப்படும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பிய 281 பேரைச் சாதாரணச் சிகிச்சை எடுத்த 560 பேரோடு ஒப்பிட்டு 2018-ல் வந்த ஆய்வில் சாவின் அபாயம் இரண்டரை மடங்கு.

இலை மேல் மட்டும் பழி போடுவதும் சரியில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் செலவை எழுதிப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. உலகத்தில் இதைவிட மலிவு அதிகம் கிடையாது. ஆனால் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியை 26 நாளால் வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. பஹாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சிரம்பானுக்கு அறுபது கிலோமீட்டர் பக்கம்; கதிர்வீச்சு என்றால் புத்ராஜெயா வரை இழுக்கும். 15 முறை கதிர்வீச்சுக்கு 15 நாள். கூலிக் கணக்கில் 980 வெள்ளி. சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு, வேலை செய்த வருடத்தைப் பொறுத்து 14, 18 அல்லது 22 நாள். அது பரிசோதனைக்கும் மருந்தேற்றத்துக்குமே தீர்ந்துபோகும். தினக்கூலிக்கு ஒப்பந்தத்தில் போகிறவருக்கு ஏட்டில் இருக்கும் அந்த விடுப்பைக் கேட்டு வாங்கும் துணிச்சலும் வேண்டும். வேலி ஓரத்து இலைக்கு நடை ஐந்து நிமிடம், கூலி இழப்பு பூஜ்யம். இந்தத் தராசில் இலை ஏன் கனக்கிறது என்று புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை.

அத்தையும் அந்தத் தராசில்தான் நிறுத்தார். மார்பில் கட்டி தட்டுப்பட்டு ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பாம்புப் புல் சாறு, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. எங்களுக்குத் தெரிந்தபோது அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. மூன்றாம் கட்டம் என்றார்கள்.

மருந்தேற்றும் அறையில் ஒரு நாள் நான்தான் துணைக்கு இருந்தேன். தலைக்கு மேல் தொங்கிய பையைக் காட்டி, இது என்னடா மருந்து என்றார். பாக்லிடாக்சல். 1962-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் காட்டில் வெட்டி எடுத்த யூ மரப்பட்டையில் தொடங்கிய மருந்து. மன்றோ வாலும் இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணியும் அதைப் பிரித்தெடுத்தார்கள். 12 கிலோ காய்ந்த பட்டையில் அரை கிராம் கிடைத்தது. இப்போது பட்டையை உரிப்பதில்லை. யூ மர இலையிலிருந்து எடுத்த பொருளை மாற்றிச் செய்கிறார்கள், தொட்டியில் செல்லாகவும் வளர்க்கிறார்கள். அத்தையின் உடம்புக்கு ஒரு தடவைக்கு 280 மில்லிகிராம். அன்றைய பட்டைக் கணக்கில் ஆறே முக்கால் கிலோ. நாலு தடவைக்கு 27 கிலோ.

"மரப்பட்டையா?" அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இதுவும் கஷாயம்தானே?"

"கஷாயம்தான் அத்தை. ஆனா நிறுத்து எடுத்தது."

"உங்கப்பன் மாதிரியே பேசுற" என்று சொல்லிவிட்டு, சொட்டு விழுவதைப் பார்த்தபடி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ண ஆரம்பித்தார்.